கூட்டமைப்பின் மெயில் யார் கையில் இருக்கிறது?

(ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "அலுவலக மின்னஞ்சல் பயன்பாடு". அழைப்பிதழில் படிக்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் நாம யாரும் வீட்டில் மின்னஞ்சல் என்று சொல்வதில்லை. "மெயில் வந்திருக்கா?" என்றுதான் கேட்கிறோம். அதனால் நானும் மெயில் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். கூட்டமைப்பு அலுவலகத்தில் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்க்கிறவள் என்பதால் இந்தத் தலைப்பு என்னிடம் வந்தது. நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. தினமும் வருகிற தகராறைத் தீர்த்துத் தீர்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில், நமக்கு எதற்கு மெயில்? வாட்ஸ்அப் இருக்கே, போன் இருக்கே என்று நிறைய பேர் கேட்கிறீங்க. நியாயமான கேள்வி. நமக்குள்ளே பேச வாட்ஸ்அப் போதும். ஆனால் வெளி உலகம் நம்மகிட்டே எழுத்தில் பேசுவது மெயிலில்தான். உத்யம் பதிவு 2020 ஜூலையில் வந்தது. அந்தச் சான்றிதழ் மெயிலுக்குத்தான் வருது. ஊறுகாய், மாவு, சிப்ஸ் போடுகிற குழுக்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்திருக்கீங்க. ஆன்லைனில் எடுக்கும்போதே மெயில் ஐடி கேட்கிறாங்க, அது சம்பந்தமான தகவலும் அங்கேதான் வருது. வங்கி ஸ்டேட்மென்ட் அப்படி. பயிற்சிக்கான கடிதம் அப்படி.

எல்லாவற்றையும் விடப் பெரிசு, ஆர்டர். மத்திய அரசின் ஜெம் என்கிற கொள்முதல் தளம் 2016-ல் தொடங்கியது. பெண்கள் நடத்தும் தொழில்களுக்கும் நம்மைப் போன்ற குழுக்களுக்கும் அதிலேயே 'வுமனியா' என்று ஒரு தனி ஏற்பாடு 2019-ல் வந்தது. 2012-ல் வந்து 2018-ல் திருத்திய கொள்முதல் ஆணைப்படி, மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் வருஷத்தில் வாங்குகிற பொருளில், சேவையில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கணும். அதற்குள்ளே 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களிடம். நம்ம ஊர் என்.எல்.சி. இந்தியாவும் மத்திய பொதுத்துறை நிறுவனம்தான். ஊரே அந்த நிறுவனத்தைச் சுற்றித்தான் இருக்கு. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, விலைப்புள்ளி கேட்டு வருகிற மெயிலைத் திறக்கத் தெரியாமல் இருந்தால் அந்த 3 சதவீதம் நமக்கு வெறும் எண்தான்.

இது நம்ம கூட்டமைப்பிலேயே நடந்தது. குழுவின் பெயர் வேண்டாம். முந்திரியும் பலா சிப்ஸும் பாக்கெட் போடுகிற குழு. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு விண்ணப்பம் போடப் பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்காங்க. மெயில் ஐடி கேட்டிருக்கு. அங்கிருந்த தம்பி, "கவலைப்படாதீங்கக்கா" என்று இரண்டே நிமிஷத்தில் ஒன்று உருவாக்கி, ஓடிபி-க்குத் தன்னுடைய நம்பரையே கொடுத்து, வேலையை முடித்துக் கொடுத்துவிட்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, உதவிதான் செய்தான். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தான். சீட்டு போயிடுச்சு. தம்பி திருப்பூருக்குப் போயிட்டான், நம்பரையும் மாத்திட்டான்.

நம்பர் மாத்தினால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு நம்பரைப் பயன்படுத்தாமல் விட்டால் கம்பெனி அதைத் துண்டித்துவிடும். துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் யாருக்கும் கொடுப்பதில்லை என்று தொலைத்தொடர்பு ஆணையம் 2023-ல் உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லியிருக்கு. அப்படியென்றால் 90 நாளுக்குப் பிறகு கொடுக்கலாம். இந்தக் குழுவின் மெயிலுக்கான ஓடிபி, முகம் தெரியாத எவருக்கோ போய்க்கொண்டிருந்தது.

குழுவின் பிரதிநிதி என்னிடம் வந்தபோது, "புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக் குடுங்கக்கா" என்றுதான் கேட்டாங்க. அது சுலபம். ஆனால் உத்யம் பதிவில், உணவுப் பதிவில், வங்கியில் எல்லாம் பழைய ஐடி-தானே இருக்கு? அதனால் பழையதை மீட்கப் பார்த்தோம். கூகுளில் கணக்கை மீட்கும் பக்கம் இருக்கு. அது ஒரு வாட்ச்மேன் மாதிரி. தெரிஞ்ச முகமா என்று பார்க்கும். வழக்கமாகப் பயன்படுத்திய போன், வழக்கமான இடம் இதிலிருந்து கேட்டால் நம்பும். புது போனிலிருந்து, புது ஊரிலிருந்து கேட்டால் சந்தேகப்படும். ஆகவே நான் கேட்ட முதல் கேள்வி, "இந்த மெயில் எந்தப் போனிலாவது எப்போதாவது திறந்து இருந்ததா?" ஒரு உறுப்பினர் வீட்டு அலமாரியில், கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய போன் கிடந்தது. சார்ஜ் போட்டு, வைஃபை கொடுத்துத் திறந்தோம். மெயில் அதில் உள்ளே நுழைந்தபடியே இருந்தது. "நீங்கள்தானா?" என்று அந்தப் போனில் கேட்டது, ஆமாம் என்று அழுத்தினோம், வழி கிடைத்தது.

உள்ளே படிக்காமல் கிடந்தவற்றில் ஒரு மெயில். ஒரு அலுவலக விழாவுக்கு 300 முந்திரிப் பாக்கெட் வேண்டும், ஐந்து நாளுக்குள் விலை சொல்லுங்கள் என்று. அது வந்து நாலு மாசம் ஆகியிருந்தது.

அந்த அம்மா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாங்க.

நான் இன்றைக்குச் சொல்ல வந்த விஷயம் இதுதான். நம்ம இயக்கம் எப்படி வளர்ந்தது? 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு நம்ம மாநிலத்தில் குழுக்கள் ஆரம்பமாயின. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியது. அன்றையிலிருந்து நமக்கு ரத்தத்தில் ஊறின பழக்கம், ஒரே ஒருவர் கையெழுத்தில் குழுவின் பணம் வெளியே போகாது. தீர்மானம் எழுதாமல் எதுவும் நடக்காது. பணப்பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவர் வீட்டில் என்று வைத்திருந்த குழுக்கள் உண்டு. ஆனால் மெயில் கணக்குக்குக் கூட்டுக் கையெழுத்து கிடையாது. ஒரே பாஸ்வேர்டு. ஓடிபி வருகிற நம்பர் யாருடையதோ, மெயில் அவருடையது. கூகுளுக்கு நம்ம குழுவும் தெரியாது, தீர்மானப் புத்தகமும் தெரியாது. அந்தக் கட்டுப்பாட்டை நாமதான் வெளியிலிருந்து போட்டுக்கொள்ளணும்.

"என் பையன் பார்த்துக்கிறான்", "வீட்டுக்காரர் போன்ல இருக்கு" என்று சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான். உதவி கேளுங்க, தப்பே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்க. ஆனால் ஓடிபி நம்ம கையில் இருக்கிற போனுக்கு வரணும். குழுவின் பாஸ்புக்கை மகன் பீரோவில் வைப்போமா?

சரி, புதிதாக ஒரு குழுவுக்கோ கூட்டமைப்புக்கோ மெயில் எப்படித் தொடங்குவது?

பெயரில் தனி ஆள் பெயரைப் போடாதீங்க. தலைவர் மாறுவார், ஐடி மாறாது. குழுவின் பெயர், ஊர், அவ்வளவு போதும். இடையில் கோடு, புள்ளி, எண் என்று அலங்காரம் செய்தால் போனில் சொல்லும்போது தடுமாறுவோம். போனில் சொல்வது என்றதும் ஒன்று ஞாபகம் வருது. இங்கிலீஷில் 'ஈ' என்று ஒரு எழுத்து, 'ஐ' என்று ஒரு எழுத்து. நாம தமிழில் 'இ' என்று சொன்னால் அந்தப் பக்கம் இருப்பவர் எதை எழுதுவார்? நெய்வேலி என்பதிலேயே இந்த இரண்டும் வருது. "எலிஃபன்ட் ஈ", "இந்தியா ஐ" என்று சொல்லிப் பழகுங்க. நம்ம ஐடி தவறாகப் பதிவான இடங்களைத் தேடியபோது, பாதிக்கு மேல் இந்தக் குழப்பம்தான்.

பிறந்த தேதி கேட்கும். இங்கே நிறைய பேர் குழு தொடங்கிய தேதியைப் போட்டுவிடுறாங்க. குழு ஆரம்பித்தது 2016 என்றால் கூகுள் கணக்குப் பார்க்கும், இது பத்து வயசுக் குழந்தை என்று. 13 வயசுக்குக் கீழே என்றால் தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது, முடக்கிவிடும். பொறுப்பாளர் ஒருவரின் பிறந்த தேதியைப் போட்டு, யாருடைய தேதி என்பதைப் புத்தகத்தில் எழுதி வையுங்க. பின்னால் மீட்கும்போது கேட்டால் தெரியணும்.

நம்பர். குழுவுக்கென்று ஒரு சிம். சிம் தனி ஆள் பெயரில்தான் வாங்க வேண்டியிருக்கும். யார் பெயரில் என்று தீர்மானத்தில் எழுதிக்கொள்ளலாம். ரீசார்ஜ் செலவு குழுவின் செலவு, வவுச்சர் போடலாம். சின்னச் செலவு என்று யாராவது ஒருவர் கையிலிருந்து போட்டுக்கொள்வது வேண்டாம், ஒரு மாசம் மறந்தால் சிம் போச்சு. இரண்டாவதாக, மீட்பு மெயில் என்று இன்னொரு ஐடி கேட்கும். அதற்குக் கூட்டமைப்பின் ஐடி-யைக் கொடுங்க. குழு தடுக்கி விழுந்தால் கூட்டமைப்பு தூக்கிவிடும்.

இரண்டு அடுக்குப் பூட்டைப் போட்டுவிடுங்க. பாஸ்வேர்டு தெரிந்தாலும் போன் கையில் இல்லாமல் திறக்காது. அப்போது கூகுள் பத்து 'பேக்கப் கோடு' கொடுக்கும். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். போன் தொலைந்துபோன அன்றைக்கு அதுதான் நமக்குச் சாவி. அதைப் போனிலேயே போட்டோ எடுத்து வைக்கிறவங்க இருக்காங்க! சாவியை வீட்டுக்குள்ளே வைத்துக் கதவைச் சாத்தின கதை. காகிதத்தில் அச்சடித்து, கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, பீரோவில் ரொக்கப் புத்தகத்தோடு வையுங்க. நாம கேட்ட கூட்டுக் கையெழுத்து இங்கே வந்துவிட்டது பாருங்க.

எல்லோரும் ஜிமெயில்தான் என்று இல்லை. சோஹோ என்ற நிறுவனம் இங்கே தமிழ்நாட்டில் இருந்துதான் மெயில் சேவை நடத்துது, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அவர்களுக்கு அலுவலகம் இருக்கு. மத்திய அரசு ஊழியர்களின் மெயிலே இப்போது அவர்கள் வழியாகத்தான். எதை எடுத்தாலும் நான் சொன்ன ஒழுங்கு ஒன்றுதான்.

அடுத்து அலுவலகக் கம்ப்யூட்டர். நமக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடைத்ததும் அதில் அவுட்லுக் மாதிரி, தண்டர்பேர்ட் மாதிரி ஒரு மெயில் புரோகிராம் போட்டோம். தண்டர்பேர்ட் இலவசம். இதில் என்ன வசதி என்றால், நெட் இல்லாதபோதும் பழைய மெயிலைப் படிக்கலாம், பதில் எழுதி வைக்கலாம், நெட் வந்ததும் போகும். மின்சாரம் தயாரிக்கிற ஊர்தான், ஆனால் நெட்டுக்கு அது தெரியாதே.

கணக்கைச் சேர்க்கும்போது 'பாப்' வேண்டுமா, 'ஐமேப்' வேண்டுமா என்று சில சமயம் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு ஐமேப் என்று சொல்லுங்க. பாப் என்பது தபால் பெட்டியைத் திறந்து கடிதத்தையெல்லாம் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவது. "ஒரு காப்பி அங்கேயே இருக்கட்டும்" என்று டிக் செய்யாவிட்டால் பெட்டி காலி. செயலாளர் போனில் திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது, "மெயிலெல்லாம் காணோம்" என்று அலறுவாங்க. கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் எல்லாமும் போச்சு. ஐமேப் என்பது பேரேடு அலுவலகத்திலேயே இருக்க, யார் எங்கிருந்து பார்த்தாலும் அதே பக்கம் தெரிவது. கம்ப்யூட்டரில் படித்தது போனிலும் படித்ததாகக் காட்டும். கையால் நிரப்ப வேண்டி வந்தால் ஜிமெயிலுக்கு உள்ளே வரும் ஐமேப் வழி எண் 993, வெளியே போகும் வழி எண் 465 அல்லது 587. இதைச் சுவரில் ஒட்டியிருக்கேன், மனப்பாடம் வேண்டாம்.

புரோகிராம் சில சமயம் சரியான பாஸ்வேர்டையே தப்பு என்று சொல்லும். ஐந்து தடவை அடித்து, கடைசியில் பாஸ்வேர்டையே மாற்றிவிடுவோம். அப்புறம் போனிலும் திறக்காது. கூகுள் 2022-லிருந்து பழைய மாதிரி வெறும் பாஸ்வேர்டைக் கொடுத்து நுழைகிற புரோகிராம்களைத் தனிநபர் கணக்குகளில் நிறுத்திவிட்டது. இப்போதைய புரோகிராம் என்றால் கூகுளின் சொந்தப் பக்கம் திறந்து அங்கே நுழையச் சொல்லும். பழைய புரோகிராம் என்றால் 'ஆப் பாஸ்வேர்டு' என்று 16 எழுத்தில் தனியாக ஒன்று உருவாக்கி அதைக் கொடுக்கணும். இரண்டு அடுக்குப் பூட்டு போட்டிருந்தால்தான் அது கிடைக்கும்.

தகராறு வந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது? நான் வைத்திருக்கும் ஒரே சோதனை: அதே மெயிலைப் போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்க. அங்கே திறந்தால் கணக்கு நன்றாக இருக்கு, கோளாறு நம்ம கம்ப்யூட்டரிலோ, புரோகிராமிலோ, அலுவலக நெட்டிலோ. அங்கேயும் திறக்கவில்லை என்றால் கணக்கில்தான் கோளாறு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஆளைக் கூப்பிட்டு, பார்மட் போட்டு, காசு கொடுத்து, கடைசியில் பார்த்தால் ரூட்டரின் ஒயர் கழன்றிருக்கும்.

எங்களை ரொம்பப் படுத்தியது ஒரு சின்ன விஷயம். கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் "சான்றிதழ் சரியில்லை, இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று வரும். மெயில் மட்டும் இல்லை, வங்கிப் பக்கமும் திறக்காது. வைரஸ் என்றார் ஒருத்தர். புது கம்ப்யூட்டர் வாங்கணும் என்றார் இன்னொருத்தர். கடைசியில் பார்த்தால் திரையின் மூலையில் தேதி பல வருஷம் பின்னால் இருந்தது. பழைய கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்துக்கென்று ஒரு வட்ட பேட்டரி இருக்கு, பழைய காலத்து நாலணா அளவில். அது செத்துப்போனால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் தேதி பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் எந்தப் பாதுகாப்பான தளமும் நம்மை நம்பாது. பேட்டரி எண் 2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றினோம், தேதியைச் சரி செய்தோம், அத்தோடு முடிந்தது. உங்க அலுவலகத்தில் அப்படி வந்தால் முதலில் தேதியைப் பாருங்க.

மெயிலே வரவில்லை என்றால் இரண்டு காரணம். ஒன்று, ஸ்பாம். நமக்கு முதல் தடவை எழுதுகிற அலுவலகத்தின் கடிதம் அங்கே போய் விழ வாய்ப்பு அதிகம். 30 நாள்தான் அங்கே இருக்கும், அப்புறம் தானாக அழிந்துவிடும். அதனால் வாரத்தில் ஒரு நாள், நான் செவ்வாய்க்கிழமை வைத்திருக்கேன், ஸ்பாமைத் திறந்து பார்த்து, நல்லதை "நாட் ஸ்பாம்" என்று வெளியே எடுக்கணும். இன்னொன்று, இடம் நிறைந்துபோவது. ஜிமெயில் இலவசமாகக் கொடுப்பது 15 ஜிபி. அது மெயிலுக்கு மட்டும் இல்லை, போட்டோவுக்கும் டிரைவுக்கும் சேர்த்து. கூட்டமைப்பு போனில் போன ஆண்டு விழா வீடியோ முழுதும் தானாகவே மேலே ஏறிக்கொண்டிருந்தது! இடம் நிறைந்தால் நமக்கு வருகிற மெயில் அனுப்பினவருக்கே திரும்பிப் போயிடும். அவர் நினைப்பார், இந்தக் குழு மூடிவிட்டது போல என்று. போட்டோ தானாக ஏறுவதை நிறுத்துங்க. ஸ்டோரேஜ் பக்கத்தில் பெரிய ஃபைல்களைக் காட்டும், பார்த்து அழியுங்க. அழித்தபிறகு குப்பைத் தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும்.

போகவில்லை என்றால் அவுட்பாக்ஸைப் பாருங்க. பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய மெயில் வாசலில் படுத்திருக்கும், பின்னால் இருப்பதெல்லாம் நிற்கும். ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பி வரைதான். தீர்மானப் பக்கங்களைத் தனித்தனி போட்டோவாக எடுத்து, பத்துப் பக்கம் சேர்த்தால் தாண்டிவிடும். போனில் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்கினால் சின்னதாகிவிடும், வாங்குகிறவருக்கும் படிக்க வசதி.

தமிழில் அனுப்பினது அங்கே புள்ளியும் கோடுமாகத் தெரிகிறதா? வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருப்பீங்க. அந்த எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தால்தான் தமிழ் தெரியும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டாச்சு. நம்ம போனில் அடிப்பது எல்லாம் யூனிகோடுதான், எங்கே போனாலும் தமிழாகத் தெரியும். பழைய படிவத்தை விட முடியவில்லை என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க.

ஒரு சின்னக் கதை சொல்லிவிட்டு மீதிக்கு வருகிறேன். மெயிலில் 'சிசி' என்று ஒரு இடம் இருக்கே, அது கார்பன் காப்பி. டைப்ரைட்டரில் கார்பன் தாள் வைத்து அடித்த காலத்துச் சொல். 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பி, முகவரி நடுவில் 'அட்' குறியை வைத்தார். 1978-ல் நியூவார்க் நகரில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக, மும்பையில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பையன், 14 வயது சிவா அய்யாதுரை, ஒரு அலுவலக மெயில் புரோகிராம் எழுதினார். அங்கே மேஜைக்கு மேஜை போய்க்கொண்டிருந்த காகிதக் குறிப்புகளை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்ததாகச் சொல்கிறார். 1982-ல் அதற்குப் பதிப்புரிமை வாங்கினார். மெயிலைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பது அவர் வாதம். கணினி வரலாறு எழுதுகிறவர்கள் பலர் அதை ஏற்பதில்லை. எனக்கு அந்தச் சண்டை முக்கியமில்லை. அலுவலகங்களில் டைப் அடித்த பெண்களின் கார்பன் தாள் இன்னும் நம்ம திரையில் இருக்கு என்பது எனக்குப் பிடிச்சிருக்கு. 'சிசி'-யில் போட்டால் எல்லோர் முகவரியும் எல்லோருக்கும் தெரியும். உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் ஒரு சுற்றறிக்கை என்றால் 'பிசிசி'-யில் போடுங்க.

ஏமாற்று மெயில் பற்றித் தனிக் கூட்டமே போடணும். இப்போதைக்கு இவ்வளவு: "உங்கள் பெட்டி நிறைந்துவிட்டது, இங்கே அழுத்துங்கள்", "முத்ரா கடன் ஒப்புதல் ஆகிவிட்டது, கட்டணம் கட்டுங்கள்", "பெரிய நிறுவனத்தில் உங்கள் மகனுக்கு வேலை" என்று வந்தால் அனுப்பினவர் பெயரைப் பார்க்காதீங்க, முகவரியைப் பாருங்க. நிறுவனத்தின் பெயர் முன்னால் இருக்கும், பின்னால் முகவரி யாரோ ஒருவரின் ஜிமெயிலாக இருக்கும். பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930-க்குப் போன் பண்ணுங்க. வீட்டில் திட்டுவாங்களே என்று இரண்டு நாள் மறைத்து வைத்தால் பணம் கை மாறிக் கை மாறிப் போயிடும்.

பொறுப்பாளர் மாறும்போது செய்ய வேண்டியதைச் செயலாளர் அம்மாவோடு பேசித் தீர்மானமாக எழுதி வந்திருக்கேன். கோபதாபம் இல்லாமல் நடக்கணும் என்பதற்காகத்தான் எழுத்தில். படிக்கிறேன்:

"பொறுப்பாளர் மாறும் கூட்டத்திலேயே மெயில் பாஸ்வேர்டு மாற்றப்பட வேண்டும். எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கு வெளியேற்றப்பட வேண்டும். மெயில் வேறு எந்த முகவரிக்காவது தானாகப் போகும்படி அமைப்பு இருக்கிறதா என்று செட்டிங்கில் பார்க்கப்பட வேண்டும். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் சரிபார்க்கப்பட வேண்டும். புதிய பேக்கப் கோடுகள் எடுத்து, பழைய கவரைக் கிழித்து, புதிய கவரில் இரு பொறுப்பாளர்கள் கையொப்பமிட்டு வைக்க வேண்டும். சிம் ஒப்படைப்பு புத்தகத்தில் பதிய வேண்டும்."

தானாகப் போகும் அமைப்பு என்பதைக் கவனிங்க. யாராவது ஒரு தடவை அதைப் போட்டுவிட்டால், பாஸ்வேர்டை நாம மாற்றினாலும் நம்ம மெயிலின் நகல் அவங்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இன்னொன்றும் சேர்க்கணும்: இரண்டு வருஷம் திறக்காத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். செயல்படாமல் இருக்கும் குழுக்களின் மெயிலைக் கூட்டமைப்பாவது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கணும்.

கூட்டம் தொடங்கும் முன்னால் ஒரு அக்கா என்னிடம், "எனக்கு இங்கிலீஷ் எழுத்தே தகராறு, நான் எப்படிம்மா மெயில் பார்க்கிறது?" என்று கேட்டாங்க. ஜிமெயிலைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம் அக்கா. பதில் எழுத, கீபோர்டில் இருக்கும் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் அதுவே எழுதும். எழுத்துப்பிழை இரண்டு வரும், திருத்திக்கலாம். வந்த மெயில் இங்கிலீஷில் இருந்தால் மொழிபெயர்க்கவும் வழி இருக்கு. தேதியையும் தொகையையும் மட்டும் மூலத்தில் ஒரு தடவை பார்த்துக்கணும்.

அந்த முந்திரிக் குழு, விலை கேட்டவர்களுக்கு நாலு மாசம் கழித்தே ஒரு பதில் எழுதினாங்க. தாமதத்துக்கு வருத்தம், எங்க பொருட்களும் விலையும் இவை, அடுத்த விழாவுக்கு நினைத்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரி. அந்த அம்மாவே மைக்கில் பேசி எழுதினாங்க. அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஸ்பாம் பார்க்கும்போது அதையும் சேர்த்துத்தான் தேடுறாங்க.

வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் இருந்து நான் அலுவலகத்தில் இருப்பேன். மெயில் தொலைத்த குழுக்கள், அந்த மெயிலை எப்போதாவது திறந்த பழைய போன் வீட்டில் எங்கே கிடந்தாலும், உடைந்திருந்தாலும், சார்ஜரோடு எடுத்து வாங்க.